ரோஸ் தாள்

முப்பத்தோராவது கேள்வி இப்படி இருந்தது: ‘நமது மாநிலத்தின் வரலாறு, பண்பாடு ஆகியவை குறித்து நீங்கள் எந்த அளவுக்குப் பெருமைப்படுகிறீர்கள்? மிகவும், ஓரளவு, அதிகமில்லை, இல்லவே இல்லை.’

இதை எழுதிய புண்ணியவான் தலைமை அலுவலகத்தில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டும். கழுத்தில் அரசாங்க அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு ஒருத்தி வாசலில் வந்து நின்று, உங்களுக்குப் பெருமையா இல்லையா என்று கேட்டால், யார்தான் இல்லை என்பார்கள்? பதினோரு வருஷமாக வீடு வீடாகப் படியேறிக் கேள்வி கேட்கிறேன். எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்பதுவரை என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் பெருமை என்று வந்துவிட்டால் எல்லோருக்கும் ‘மிகவும்’தான். அதனால் கேள்வியைப் படித்து முடிப்பதற்குள்ளேயே அந்தக் கட்டத்தில் டிக் போட்டுவிடுவேன். அதில் யாருக்கும் நஷ்டமில்லை.

வினை முப்பத்திரண்டாவது கேள்வியில் இருந்தது. ‘நீங்கள் பெருமைப்படும் ஒன்றைச் சொல்லுங்கள்.’ இதற்குக் கீழே ஆறு கட்டங்கள்: கோட்டை, மொழி, ஆறு, இசை, கைத்தொழில், மற்றவை. முதல் ஐந்தில் ஒன்றைச் சொன்னால் ஒரு டிக், வேலை முடிந்தது. ‘மற்றவை’ என்று வந்தால் தனியாக ஒரு ரோஸ் கலர் தாள் நிரப்ப வேண்டும். அதில் பத்தொன்பது கேள்விகள். அது எங்கே இருக்கிறது, யார் கட்டியது, எந்த ஆண்டு, நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, கடைசியில் ஒரு வரைபடம், அதில் வடக்கை அம்புக்குறியால் காட்ட வேண்டும். ஒரு ரோஸ் தாளுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். ஒரு நாளைக்கு எட்டு வீடு முடிக்காவிட்டால் மேற்பார்வையாளர் போன் செய்வார்.

அந்த முறை ஆள் பற்றாக்குறை என்று எனக்கு நாங்கள் குடியிருக்கும் வட்டாரத்தையே கொடுத்துவிட்டார்கள். சொந்த வீட்டையும் சொந்தக்காரர்கள் வீட்டையும் எடுக்கக்கூடாது என்பது கையேட்டின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தவிர்த்து அறுபது வீடு. எங்கள் வட்டாரத்தை ரயில் தண்டவாளம் நட்டநடுவில் பிளந்துகொண்டு போகிறது. இந்தப் பக்கம் வீடுகள், அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், சந்தை, மருத்துவமனை. இரண்டையும் சேர்ப்பது ஒரு இரும்பு நடைபாலம். ஏறுவதற்கு முப்பத்திரண்டு படி, இறங்குவதற்கு முப்பத்திரண்டு படி. என் வலது முழங்காலுக்கு அந்த அறுபத்திநாலும் தனித்தனியாகத் தெரியும்.

இரண்டாவது வீடே பேக்கரிக்காரர் வீடு. முப்பத்திரண்டாவது கேள்வியைக் கேட்டேன். மனுஷன் மோட்டுவளையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். பிறகு, “நம்ம பாலம்தான் மேடம்,” என்றார். ஆரம்பித்தவர் நிறுத்தவில்லை. ஒன்பது வருஷம் மனு கொடுத்தும் பாலம் வராததால், ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த நம் ஆட்களே அனுமதி வாங்கி, கழித்துப்போட்ட தண்டவாளத்தை வைத்து ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாகக் கட்டியது. ஒன்றரை வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகள். பெண்கள் உட்கார்ந்து துரு சுரண்டினார்கள். ஒவ்வொரு படியையும் பொருத்திய ஆள் பட்டறையில் தனக்கிருந்த டோக்கன் நம்பரை அந்தப் படியில் உளியால் அடித்து வைத்தார். எல்லாம் எனக்குத் தெரிந்த கதை. இருபத்தேழாவது படியில் இருக்கிற 318 என் மாமனாருடைய நம்பர். நான் கல்யாணமாகி வந்த முதல் வாரமே என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள்.

“சார், இது மாநிலத்தோட பெருமை. பெருசா ஏதாவது சொல்லுங்க,” என்றேன். கையேட்டின்படி இப்படித் தூண்டக் கூடாது. எனக்கு இன்னும் ஆறு வீடு பாக்கி இருந்தது. மணி பதினொன்று.

“பெருசான்னா?”

“கோட்டை மாதிரி.”

“அப்ப அதையே போட்டுக்குங்க,” என்றார், கொஞ்சம் வெட்கப்பட்டு.

கோட்டை மாநிலத்தின் வடக்கு எல்லையில் இருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏழு மணி நேரம். நான் பார்த்ததில்லை. பேக்கரிக்காரரும் பார்த்ததில்லை. டிக் போட்டேன்.

அடுத்த வீட்டிலும் பாலம் என்றார்கள். அதற்கடுத்த வீட்டிலும். நாலாவது வீட்டிலிருந்து நான் பெருசாக ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்பதைக்கூட விட்டுவிட்டேன். அவர்கள் பாலம் என்பார்கள், நான் தலையாட்டிக்கொண்டே கோட்டைக் கட்டத்தில் டிக் போடுவேன். எல்லாம் கோட்டையாகவே இருந்தால் கண்ணை உறுத்துமே என்று நடுநடுவே மொழி, ஆறு என்று தூவினேன். அறுபது வீட்டையும் எட்டே நாளில் முடித்தேன். எங்கள் குழுவிலேயே நான்தான் முதல். மேற்பார்வையாளர் பாராட்டினார். அவரை நாங்கள் சிவப்புப் பேனா என்போம், முகத்துக்கு நேரே இல்லை. அறுபதில் ஆறு வீட்டுக்கு நேரில் போய் நான் எழுதியதைச் சரிபார்க்க வேண்டியது அவர் வேலை. அவர் நாற்காலியைவிட்டு எழாமல் ஆறிலும் கையெழுத்துப் போட்டார். சீக்கிரமே மேற்பார்வையாளர் பதவி ஒன்று காலியாகப்போகிறது, உங்கள் பெயரைத்தான் எழுதப்போகிறேன் என்றார். மேற்பார்வையாளர் படியேற வேண்டாம். என் முழங்கால் அந்தப் பதவிக்குத் தவம் கிடந்தது.

இரண்டு மாதம் கழித்து முடிவு வெளியானது. எல்லாச் செய்தித்தாள்களிலும் முதல் பக்கத்தில் கோட்டையின் கலர் படம், மேலே ‘மாநிலத்தின் பெருமை’ என்று கொட்டை எழுத்தில். பத்தில் ஏழு பேர் கோட்டையைச் சொன்னார்களாம். ஓஹோ, இந்த வேலையை நான் மட்டும் செய்யவில்லை போலிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேன். பிறகு பால் பாக்கெட்டில் கோட்டை வந்தது. பள்ளிக்கூட நோட்டு அட்டையில் வந்தது. பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில்கூட வந்தது.

அதே வாரம் பாலத்தின் கைப்பிடியில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். தண்டவாளத்தை அகலப்படுத்தப்போவதால் அறுபது நாளில் பாலம் அகற்றப்படும், பொதுமக்கள் ஒன்றரை கிலோமீட்டர் தள்ளியுள்ள சுரங்கப்பாதையைப் பயன்படுத்திக்கொள்ளவும்.

இந்த இடத்தில் என் நாத்தனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலத்துப் படிகளுக்குக் கீழே, சாய்வாக இருக்கிற அந்த முக்கோண இடத்தில், ஒரு தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். ஜிப் மாற்றுவது, பேன்ட் மடிப்பது, பை தைப்பது. பாலத்தில் போகிறவர்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள், வரும்போது வாங்கிக்கொள்வார்கள். அவளை ஊசி என்றுதான் ஊரே கூப்பிடும். தொழிலுக்கும் பொருந்தும், நாக்குக்கும் பொருந்தும். எனக்கும் அவளுக்கும் கல்யாணத்தன்று ஆரம்பித்த வாய்ச்சண்டை இன்னும் முடியவில்லை. ஆனால் நான்கு நாள் அவள் வீட்டுப் பக்கம் வராவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அன்று அவள் வந்தபோது நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரர் செய்தித்தாளோடு மூலையில் இருந்தார். அவர் மருத்துவமனையில் லிஃப்ட் ஆபரேட்டர். நாள் முழுக்க மேலும் கீழும் போய்வருகிறவர், பேச்சு மட்டும் தரைத்தளத்தைவிட்டு எழும்பாது.

“அண்ணி, பாலத்து விஷயமா உங்க சர்வே ஆபீஸுக்கே போயிருந்தேன்,” என்றாள்.

“என்ன சொன்னாங்க?”

“ஒரு வட்டாரத்துல பத்து ரோஸ் தாள் வந்தா அந்த இடம் பாதுகாக்கற பட்டியலுக்குப் போகுமாம். ஆள் வந்து பாக்கறவரைக்கும் யாரும் கை வெக்கக்கூடாதாம். நம்ம வட்டாரத்துல இருந்து ஒண்ணுகூட வரலையாம்.”

பத்துத் தாள் கணக்கு எனக்குத் தெரியாது. கையேட்டில் அது கடைசிப் பக்கத்தில் இருந்ததாம். நான் கடைசிப் பக்கம் வரை எங்கே போனேன். “ஜனங்க சொல்லியிருக்க மாட்டாங்க,” என்றேன், வெங்காயத்திலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் அளவு நோட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். இடுப்பு, கால் நீளம், கை நீளம் என்று எழுதும் நோட்டு. அதில் ஒரு பக்கத்தில் பெயர்களாக இருந்தது. “வீடு வீடா போய்க் கேட்டேன். முப்பத்திநாலு பேர். எல்லாரும் உங்ககிட்ட பாலம்னுதான் சொன்னோம்ங்கறாங்க. இத்தனை பேரும் பொய்யா?”

“சர்வேல ஒண்ணு சொல்லுவாங்க, வெளிய ஒண்ணு சொல்லுவாங்க. இதெல்லாம் உனக்குப் புரியாது.”

மூலையில் செய்தித்தாள் மடிக்கிற சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் எழுந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, அலமாரிக்கு மேலேயிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்து மேஜையில் வைத்தார். ரோஸ் தாள் கட்டு. கட்டிய நூல்கூடப் பிரிக்கப்படவில்லை. அதன்மேல் இரண்டு மாதத்துத் தூசி. வைத்துவிட்டுப் போய்ப் பழையபடி உட்கார்ந்துகொண்டார்.

ஊசி கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி எப்படியோ சமாளித்திருப்பேன். அவள் அந்தக் கட்டின் மேல் விரலால் ஒரு கோடு இழுத்தாள். “மத்தவங்களை விடுங்க,” என்றாள். “இருபத்தேழாவது படி உங்களுக்கும் தெரியும்தானே அண்ணி?”

எனக்கு அவமானமாக இருந்தது. வெங்காயம் நல்லதுக்கு ஆச்சு என்று முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மறுநாள் ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். முப்பத்திரண்டாவது கேள்விக்குப் பதிலளித்தவர்கள் சொன்னதை நான் எழுதவில்லை, வேலையைச் சுருக்குவதற்காக நானாகவே நிரப்பினேன், மறுபடி ஆய்வு செய்ய வேண்டும். மூன்று வரிதான். சிவப்புப் பேனா அதை இரண்டு தரம் படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“உங்களுக்கு ஏதாவது பைத்தியமா மேடம்? பதவிக்கு உங்க பேரு போயாச்சு.”

“தெரியும் சார்.”

“இதுல என் கையெழுத்தும் இருக்கு.”

“அதுவும் தெரியும் சார். நீங்க வீட்டுக்குப் போகாம போட்டது.”

அவர் கடிதத்தை மடித்து, மறுபடி பிரித்தார். “வேலையே போயிடும்,” என்றார் கடைசியாக.

“போகட்டும் சார். தபால்ல சேருங்க. நீங்க சேக்கலைன்னா நானே தலைமை அலுவலகத்துக்குக் கொண்டு போவேன்.” வீரமாகத்தான் சொன்னேன். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து, அந்த மாதச் சம்பளத்தில் யார் யாருக்குப் பாக்கி என்று விரல்விட்டு எண்ணினேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து பத்து நாளில் பதில் வந்தது. அந்த அறுபது வீட்டுக்கும் முப்பத்தொன்று, முப்பத்திரண்டு ஆகிய இரண்டு கேள்விகளை மட்டும் ஐந்து நாளுக்குள் மறுபடி கேட்க வேண்டும். வேறு ஆள் இல்லாததால் நானே கேட்க வேண்டும், மேற்பார்வையாளர் ஒவ்வொரு வீட்டிலும் கூடவே நிற்க வேண்டும், பதிலளிப்பவர் தாளில் கையெழுத்துப் போட வேண்டும். யாராவது முன்கூட்டியே போய் இதைச் சொல்லு அதைச் சொல்லு என்று பிரசாரம் செய்தது தெரிந்தால் மொத்தமும் ரத்து. என் வேலையைப் பற்றிய முடிவு அதற்குப் பிறகு.

ஊசியிடம் போய்ச் சொன்னேன். “அஞ்சு நாளைக்கு நீ பாலம்ங்கற வார்த்தையையே எடுக்கக்கூடாது. யாராவது கேட்டாலும் பேசாதே.”

“சரி.”

“உன்னால முடியுமா?”

“முப்பத்திநாலு பேர் இருக்காங்க அண்ணி. நமக்கு வேண்டியது பத்து. நான் எதுக்குப் பேசணும்?” என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அந்த ஐந்து நாளும் அவள் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு தைத்தாள். யார் என்ன கேட்டாலும் ‘ம்’ மட்டும்தான். இப்படி ஒரு அதிசயத்தை எங்கள் வட்டாரம் அதற்குமுன் பார்த்ததில்லை.

முதல் நாள் காலை ரோஸ் தாள் கட்டைப் பிரித்து, அதிலிருந்து அறுபதை எண்ணிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றுக்கும் மூலையில் நம்பர் போட்டுக் கொடுத்தார். சிவப்புப் பேனா இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையோடு பாலத்தில் ஏறினார். பதினைந்தாவது படியில் நின்று மூச்சு வாங்கினார். “இதை இடிக்கறதே நல்லது,” என்றார். நான் கேட்காத மாதிரி நடந்தேன்.

முதல் வீட்டில் மொழி என்றார்கள். சரி, அவர்கள் போன முறையும் அதைத்தான் சொன்னார்கள். இரண்டாவது, பேக்கரிக்காரர். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். நான் கேள்வியை எழுத்து மாறாமல் படித்தேன். ‘மிகவும்’ என்று அவர் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து டிக் போட்டேன். பிறகு அடுத்த கேள்வி. என் கை ஏற்கெனவே ரோஸ் தாளின் ஓரத்தைப் பிடித்திருந்தது.

“கோட்டை,” என்றார்.

கையேட்டில் ஒரே ஒரு வழி இருக்கிறது. பதில் வந்த பிறகு, முகத்தில் எதையும் காட்டாமல், ‘வேறு ஏதாவது?’ என்று ஒரு தடவை கேட்கலாம். ஒரே தடவை. கேட்டேன். “வேற ஏதாவது?”

அவர் என்னைப் பார்த்தார். என் பின்னால் நின்ற முழுக்கைச் சட்டையைப் பார்த்தார். “இல்ல மேடம், கோட்டைதான். போன தடவை நான்தான் ஏதோ தப்பா பாலம் கீலம்னு உளறிட்டேன். நீங்க நல்லவேளையா திருத்தி எழுதினீங்க. பேப்பர்லயே வந்துடுச்சு பாத்தீங்களா.” சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அழகாகக் கையெழுத்துப் போட்டார். போகும்போது ஆளுக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் கொடுத்தார்.

மூன்றாவது வீட்டிலும் கோட்டை. நாலாவது வீட்டில் அம்மாவைப் பேசவிடாமல் மகன் உள்ளேயிருந்து, “கோட்டைன்னு சொல்லும்மா,” என்றான். ஆறாவது வீட்டில் சுவரில் கோட்டைப் படம் போட்ட காலண்டர் தொங்கியது. அந்த வீட்டுக்காரர் கேள்வி முடிவதற்குள் அதைக் கையால் காட்டினார். ஊசியின் நோட்டில் முதல் பெயரே அவருடையதுதான். பாலத்துக்குச் சாயம் அடித்த ஞாயிற்றுக்கிழமையில்தான் தன் அப்பா அம்மாவுக்கு நிச்சயமானது என்று போன முறை என்னிடம் சொன்ன ஆள்.

ஏன் சார் இப்படி மாற்றிச் சொல்கிறீர்கள் என்று சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. கேட்கக் கூடாது. எழுத மட்டும்தான் வேண்டும். எழுதினேன். பதினோரு வருஷத்தில் நான் இவ்வளவு ஒழுங்காக வேலை பார்த்தது கிடையாது. அந்த ஒழுங்கு எனக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது.

பாலம் என்றவர்களும் இருந்தார்கள். ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கேள்வியைப் படித்ததும், “ரோஸ் தாளை எடு,” என்றார். பத்தொன்பது கேள்விக்கும் பதில் சொல்லி, வரைபடத்தையும் அவரே ஸ்கேல் வைத்துப் போட்டு, வடக்கைக் காட்டினார். “பேப்பர்ல கோட்டைன்னு போட்டிருக்கே டீச்சர்,” என்று சிவப்புப் பேனா கையேட்டை மீறி வாய் திறந்தார். “பேப்பர்காரங்க என்னைக் கேக்கலையே,” என்றார் டீச்சர். எனக்கு அவர் காலில் விழ வேண்டும்போல இருந்தது. அப்படி இன்னும் ஆறு பேர்.

ஐந்தாம் நாள் பிற்பகல் அறுபதாவது வீடு முடிந்தது. பாலத்துக்குக் கீழே ஊசியின் பெஞ்சில் உட்கார்ந்து அடுக்கினோம். கோட்டை நாற்பத்திநாலு. மொழி ஒன்பது. ரோஸ் தாள் ஏழு.

சிவப்புப் பேனா மறுபடியும் ஒரு தரம் எண்ணினார். அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. பிறகு என்னைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார். அவர் கெட்ட மனுஷன் இல்லை. “நான் போய் ஒரு டீ குடிச்சிட்டு வரேன். அரை மணி நேரம் ஆகும்,” என்று சொல்லிவிட்டு, தாள்களையும் தன் பேனாவையும் பெஞ்சிலேயே வைத்துவிட்டுப் போனார்.

ஊசி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்துக் குஷனில் குத்தினாள். “எத்தனை?”

“ஏழு. மூணு குறையுது.”

நான் ஒரு ரோஸ் தாளை எடுத்தேன். ஒளிக்க எதுவும் இல்லை, அப்போது எனக்குக் கூச்சமும் இல்லை. பொய்யாக அத்தனை எழுதிய கை, மூன்று எழுதாதா? அதுவும் இது பொய்யே இல்லை, அவர்கள் முதலில் சொன்னதுதான். பேக்கரிக்காரர் பெயரில் மளமளவென்று எழுதினேன். ஆண்டு, நீளம், அகலம். கையெழுத்துக்குக்கூட அவருடைய கோட்டைத் தாளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து நன்றாகவே போட்டேன்.

ஊசி அதை வாங்கிக் கடைசிவரை படித்தாள். அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும், நேரம் ஆனது. “இதை யாராவது வந்து சரிபாப்பாங்களா?”

“பட்டியலுக்குப் போகுதுன்னா வந்து கேப்பாங்க.”

“அப்ப இவர் என்ன சொல்லுவாரு?”

நான் அவருடைய கோட்டைத் தாளைக் கவிழ்த்து வைத்தேன்.

“கோட்டைன்னுதான் சொல்லுவாரு. அப்புறம் இந்த மூணும் பொய்னு ஆயிடும். டீச்சர் எழுதினதையும் சேத்து ஏழும் பொய்னு ஆயிடும்.” தாளை நாலாக மடித்தாள். “பாலம் போனா போகட்டும் அண்ணி. பாலம்னு எழுதினதே பித்தலாட்டம்னு பேர் வரக்கூடாது. அதுல எங்கப்பா நம்பர் இருக்கு.”

மடித்த தாளைக் கிழித்து, ஒரு துண்டில் பட்டன்களைப் பொட்டலம் கட்டினாள். எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. அவள் கடைக்காக நான் என் வேலையையே வைத்து ஆடுகிறேன், இவள் என்னடாவென்றால் பட்டன் பொட்டலம் கட்டுகிறாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் அதே பொட்டலத்துக்கு மூன்றாவது முறையாக முடிச்சுப் போடுவதைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

சிவப்புப் பேனா சொன்னபடி அரை மணியில் வந்தார். தாள்களை எண்ணினார். ஏழு. என் கடிதத்தின் நகலை எடுத்து, ஓரத்தில் சிவப்பில் எழுதினார்: ‘மறு ஆய்வின் முடிவும் முதல் ஆய்வின் முடிவும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. குற்றச்சாட்டுக்கு ஆதாரம் இல்லை.’

“சார், குற்றச்சாட்டு சொன்னதே நான்தான்.”

“அதனால என்ன மேடம்? ஆதாரம் இல்லையே,” என்றார்.

அடுத்த மாதம் என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். இப்போது எனக்கு ஒரு நாற்காலியும் ஒரு சிவப்புப் பேனாவும் உண்டு. நூற்றுக்குப் பத்து வீட்டுக்கு நான் நேரில் போய்த்தான் கையெழுத்துப் போடுகிறேன். என் குழுவுக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கு என்ன பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியவில்லை, நல்லதாக இருக்காது.

பாலத்தை நாலே நாளில் வெட்டி எடுத்துவிட்டார்கள். ஊசி தினமும் போய் நின்று, பழைய இரும்பு ஏற்றுகிறவர்களிடம் கெஞ்சி, இருபத்தேழாவது படியை மட்டும் வாங்கிக்கொண்டாள். நானும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு வந்தோம். அவளுடைய மெஷின் இப்போது எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கிறது. தரை சமமில்லாததால் ஆடியது. அந்தப் படியை அடியில் போட்ட பிறகு ஆடுவதில்லை. வழியில் போகிறவர்கள் கொடுத்து வாங்கிய காலம் போய்விட்டது, தேடி வருகிறவர்கள்தான் வருகிறார்கள். பாதி ஆள் குறைந்துவிட்டது.

போன வாரம் பேக்கரிக்காரர் வந்தார். இப்போது சந்தைக்குப் போக ஒன்றரை கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கிறது, சுரங்கப்பாதையில் எப்போதும் தண்ணீர் நிற்கிறது என்று புலம்பினார். பேன்டை மடிக்கக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர், மெஷினுக்குக் கீழே குனிந்து பார்த்தார். 318 என்று விரல் வைத்துப் படித்தார்.

“இதுதான் மேடம் நமக்குப் பெருமை,” என்றார் நிமிர்ந்து. “கோட்டையாம் கோட்டை. அதை யாரு பாத்தா?”

ஊசியின் கால் மிதிப்பதை நிறுத்தியது. அவள் என்னைப் பார்க்கவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. பதினோரு வருஷப் பழக்கம், முகத்தில் எதையும் காட்டாமல் வேறு ஒன்று வாயில் வந்தது.

“வேற ஏதாவது?” என்றேன்.

அவர் நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

“வேற என்ன மேடம் இருந்தது நம்மகிட்ட?” என்றார். ஊசி நூலைக் கடித்துவிட்டு, பேன்டை மடித்து அவர் கையில் கொடுத்தாள்.